எட்டு இலக்கத்தில் ஒரு மாப்பிள்ளை

கேக் பெட்டிக்குள் போகவில்லை.

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. அந்த பேக்கரியில் இருந்ததிலேயே நீளமான பெட்டி அதுதான். கேக்தான் ஒரு துண்டு அதிகமாக வளர்ந்துவிட்டது. வெள்ளைக் கிரீமின் மேல் சாக்லேட்டால் எழுதிய எட்டு இலக்கங்கள்: 73939133. ஏழு உள்ளே படுத்துக்கொண்டன. எட்டாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டி எடு," என்றார் முதலாளி.

"ஐயோ முதலாளி! அதை வெட்டினா என் கல்யாணத்தையே வெட்டின மாதிரி," என்றான் கேக் மாஸ்டர்.

மணி மூன்று. நான்கு மணிக்கு அவன் மீதி சார் வீட்டில் இருக்க வேண்டும். இது மூன்றாவது முறை, அதாவது கடைசி முறை.

மீதி சார் யார் என்று சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எண் குறித்துக்கொண்டு வந்தவர்; இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எண்களைப் பார்த்துப் பார்த்தே எண் பித்துப் பிடித்துப் போன மனிதர். நீங்கள் புது வண்டி வாங்கினால் நிறத்தைப் பார்க்க மாட்டார். நம்பர் பிளேட்டைப் பார்த்து, "மூணால வகுத்தா மீதி என்ன?" என்பார். அதனால் தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. அவருக்கும் அதில் ரகசியமாகப் பெருமைதான்.

அவருடைய ஒரே மகள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி படிங்க" என்று சொல்கிற வேலை. கேக்கில் எழுதும் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது என்று முதலாளி திட்டியதால் கேக் மாஸ்டர் அங்கே போனான். "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டாள். "பலகையே தெரியலைங்க, நீங்க மறைக்கறீங்க," என்றான். அவள் நகரவில்லை. அவனும் நகரச் சொல்லவில்லை. விஷயம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆனால் அந்த வீட்டில் பெண் கேட்டுப் போவதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை ஆகிறவன் ஒரு எண்ணோடு வர வேண்டும். அது பகா எண்ணாக இருக்க வேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடக் கூடாது. மீதி சாரின் மாமனார் காலத்திலிருந்தே இதுதான் நடைமுறை.

"வகுபடாத எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கிறவன் குடும்பத்தை வகுக்க மாட்டான்," என்பது அவர் விளக்கம். "நான் என் மாமனார் முன்னாடி நின்னு எழுநூத்து முப்பத்தொன்பதுன்னு சொன்னேன். அந்த மனுஷன் அப்படியே அசந்துட்டாரு!"

739 என்ற அந்த எண்ணைப் பித்தளையில் வார்த்து வாசல் கதவில் மாட்டியிருந்தார். வீட்டின் உண்மையான கதவு எண் 14. தபால்காரர் பாவம், இன்னும் பழகவில்லை.

"உங்களுக்கு மட்டும் மூணு இலக்கம், எனக்கு எட்டா சார்?" என்று முதல் தடவையே கேட்டுப் பார்த்தான் கேக் மாஸ்டர்.

"விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கு, பாக்கலியா தம்பி?"

முதல் தடவை அவன் கொண்டுபோனது 12345678. "இரட்டைப்படை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை 77777777. அதைக் கேட்டு மீதி சார் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "ஏழால வகுத்துப் பாரு தம்பி, எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும்!"

அன்றைக்கு அவமானத்தில் அவன் குடையை மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போனான். மீதி சாரின் மனைவிதான் பின்னாலேயே வந்து கொடுத்தார். அந்த வீட்டில் அதிகம் பேசாதவர் அவர்.

"போன தடவையும் இதையே வச்சுட்டுப் போனீங்க தம்பி."

"எனக்கு மறதி ஜாஸ்திங்கம்மா. பாதி சாமான் வழியிலயே போயிடும்."

"அதெல்லாம் ஒரு குறையா? கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"ஆறு மணிக்கும்மா."

"சரி, பாத்துப் போங்க," என்று உள்ளே போய்விட்டார்.

மகளிடம் உதவி கேட்டான். "நான் நடுவர். நம்பரைச் சரிபார்க்கிறதே நான்தான், நான் உதவி பண்ணா அது மோசடி," என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பிறகு மனம் கேட்காமல், "எட்டு இலக்க எண்ணுன்னா பத்தாயிரம் வரைக்கும் வகுத்துப் பாத்தா போதும். இது உதவி இல்ல, பொது அறிவு," என்றாள்.

அடுத்த சில நாளில்தான் அந்தச் சீட்டு வந்தது. காலை நெரிசலில் யாரோ ஆர்டர் பெட்டியில் போட்டிருந்தார்கள். 'நீளமான கேக் ஒன்று. மேலே 73939133 என்று எழுத வேண்டும். ஒரு இலக்கத்துக்கு ஒரு துண்டு. ஞாயிறு மதியம் எடுத்துக்கொள்கிறேன்.' முழுத் தொகையும் உறைக்குள் இருந்தது. பெயர் இல்லை.

போன் நம்பராக இருக்கும் என்று நினைத்து அழைத்துப் பார்த்தான். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது குரல். சும்மா இரண்டால் வகுத்தான், போகவில்லை. மூன்றால், ஏழால், பதினொன்றால்... போகவில்லை. அவன் முதுகு சிலிர்த்தது. பில் போடும் கால்குலேட்டரின் மெமரியில் எண்ணைப் போட்டுக்கொண்டு மூன்று மத்தியானம் வகுத்தான். ஒற்றைப்படை எண்களாகவே ஐயாயிரம் தடவை. விரல் வீங்கியது. எண் மசியவில்லை. பகா எண்ணேதான்!

ஞாயிறு மதியம் யாரும் கேக்கை எடுக்க வரவில்லை. "நீயே எடுத்துட்டுப் போடா. அவங்க வந்தா நான் வேற போட்டுக் குடுத்துக்கறேன்," என்றார் முதலாளி. தங்கமான மனுஷர். ஒரே குறை, ஞாயிறு மூன்று மணிக்குக் கடையை மூடிவிட்டுத் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

கேக் மாஸ்டருக்கு அந்த எண் மனப்பாடம் ஆகவில்லை. கால்குலேட்டர் பொத்தானைத் தட்டியவனுக்கு எப்படி ஆகும்? ஆகவே அந்தக் கேக்தான் அவன் நோட்டுப் புத்தகம், அவன் நாக்கு, அவன் எதிர்காலம்.

"எட்டாவது துண்டைத் தனியா பேப்பர்ல சுத்திக்கோ. அங்க போய் ஒட்ட வை. இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா!" என்றார் முதலாளி. அந்த யோசனை சரியாகத்தான் பட்டது. வெட்டிச் சுற்றிக் கையில் கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் பொட்டலத்தை வைத்துவிட்டுச் சில்லறை தேடினான். பஸ் வந்தது. பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினான். பஸ் திரும்பும்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தான்: பொட்டலம் பெஞ்சிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"போச்சு! போச்சு!" என்று கத்தினான்.

"என்ன சார் போச்சு?" என்றார் கண்டக்டர்.

"எட்டாவது இலக்கம்!"

கண்டக்டர் அவனைவிட்டு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றார்.

சரி, ஏழு இலக்கமாவது மிச்சம் இருக்கிறதே என்று பெட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான். ஒரு முனை ஜன்னலில் முட்டியது; மறுமுனை பக்கத்து இருக்கைக்கு மேல் நீண்டது. அடுத்த நிறுத்தத்தில் ஒருவர் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே ஏறினார். படித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"பரவாயில்லையே, சீட்டெல்லாம் புதுசா மாத்திட்டாங்க போல. மெத்து மெத்துனு இருக்கு," என்றார்.

"சார், எந்திரிங்க! என் மாமனார் மேல உக்காந்திருக்கீங்க!" பதற்றத்தில் அவனுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் எழுந்தபோது ஏழாவது இலக்கமும் அவரோடு எழுந்தது. கால்சட்டையின் பின்புறத்தில் ஒரு சாக்லேட் மூன்று. அதைத் திருப்பிக் கேட்பது நாகரிகம் இல்லை என்று விட்டுவிட்டான். பெட்டியின் அந்த முனை கிழிந்து, கேக் வெட்டவெளியில் எட்டிப் பார்த்தது.

முதலாளிக்குப் போன் செய்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நம்பர் எழுதிய சீட்டோ பூட்டிய கடைக்குள். கடைசியில் மீதி சார் மகளுக்கே அடித்தான்.

"ரெண்டு இலக்கம் போயிடுச்சு. என்ன பண்றது?"

"நான் நடுவர். எதுவும் சொல்ல மாட்டேன்," என்றாள். "மூணு தடவையும் தோத்தா அப்பா மனசு மாற மாட்டாரு. தெரியும்ல? தயவுசெஞ்சு இருக்கறதையாவது பத்திரமா கொண்டு வாங்க. படியில தடுக்கி விழுந்துடுவீங்க, லிஃப்ட்லயே வாங்க."

அவள் பேச்சைத் தட்டாமல் லிஃப்டில் போனான். நாலாவது மாடியில் கதவு திறந்தது. முதலில் அவன் வெளியே வந்தான், பிறகு பெட்டி வந்தது, அதன் கிழிந்த முனை வருவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. ஒரு இழுப்பு. பெட்டி அவன் கையில். ஆறாவது இலக்கமான ஒன்று, லிஃப்டோடு கீழே போய்விட்டது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக எட்டு ஐந்தாகிவிட்டது. 739 என்ற பித்தளை எண்ணுக்கு எதிரே ஆடு திருடியவன் மாதிரி விழித்துக்கொண்டு நின்றான்.

மீதி சார் கதவைத் திறந்தார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "என் பென்சில் எங்க?" என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் பென்சிலை மறந்தார்.

"அட, நம்பரைக் கேக்காவே கொண்டு வந்துட்டியா? வா, வா!" மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். "தம்பி, எட்டு கேட்டேன். அஞ்சு இருக்கு."

"புறப்படும்போது எட்டு இருந்துச்சு சார். வர்ற வழியில மூணு போயிடுச்சு."

"மூணுங்கிற இலக்கம் போச்சா, மூணு இலக்கம் போச்சா?"

"ரெண்டும்தான் சார்," என்றான் கேக் மாஸ்டர், அழாத குறையாக.

சுவரோரம் போனும் கையுமாக நின்ற நடுவர் நகத்தைக் கடித்தாள். மீதி சார் நீளமாக மூச்சு விட்டார். ஆனால் எண் என்று ஒன்றைக் கண்ணில் பார்த்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"சட்டப்படி நீ தோத்தாச்சு. இருந்தாலும் இருக்கறதைப் பாத்துடுவோம். எழுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது."

மகள் அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் கொடுத்தாள். வகுக்க ஆரம்பித்தார். மூன்றுக்கு மீதி, ஏழுக்கு மீதி, பதிமூன்றுக்கு மீதி. கால் மணி நேரம் போனது. ஒவ்வொரு மீதிக்கும் அவர் முகம் ஒரு சுற்று மலர்ந்தது.

"நடுவர்?"

மகள் போனில் தட்டினாள். "பகா எண்ப்பா."

கேக் மாஸ்டர் வாயைப் பிளந்தான். "அது ஒரே செகண்ட்ல சொல்லுமா? நான் மூணு நாள் வகுத்தேனே!"

"நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே," என்றாள் அவள்.

மீதி சாரின் மனைவி கத்தியும் தட்டும் டீயுமாக வந்தார். "கேக்கைப் பாத்துட்டே இருந்தா எப்படி? சாப்பிட்டுட்டுக் கணக்குப் போடுங்க," என்று வலது ஓரத்துத் துண்டை வெட்டிக் கணவருக்கு வைத்தார்.

மீதி சார் ஒரு வாய் போட்டுக்கொண்டார். கண் மறுபடி கேக்குக்குப் போனது. இப்போது அதில் இருந்தது 7393.

"ஏழாயிரத்து முந்நூத்துத் தொண்ணூத்து மூணு," என்று முணுமுணுத்தார். பென்சில் தானாக ஓடியது. ஐந்து நிமிஷத்தில் நிமிர்ந்தார். "அடேய்! இதுவும் வகுபடலடா!"

"பகா எண்தான்ப்பா!" நடுவர் குதித்தே விட்டாள்.

"இன்னொரு துண்டு வெட்டு!"

அவர் மனைவி மறுபடி வலது ஓரத்தில் வெட்டினார். மீதி சார் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கேக்கின் மேல் 739.

மீதி சார் கேக்கைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இது என் நம்பர்! நீதானே சொல்லிக் குடுத்தே?"

"சத்தியமா இல்லப்பா! உங்க நம்பர் வாசல்லயே தொங்குது, அதை நான் வேற சொல்லணுமா?"

"கோவத்தை அப்புறம் வச்சுக்கோங்க, முதல்ல இதைச் சாப்பிடுங்க," என்று அவர் மனைவி அடுத்த துண்டையும் வெட்டிக் கொடுத்தார். மிச்சம் 73. மகள் பக்கம் ஒன்று போனது. மிச்சம் 7.

"எழுபத்து மூணு. ஏழு. அதுவும் பகா எண், இதுவும் பகா எண்." மீதி சார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "வாலை எத்தனை தடவை வெட்டினாலும் கெடாத எண்! என் ஆயுசுல இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. வழியில தொலைக்கிறவனுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல இருக்கு! தம்பி, தம்பி... இதை எப்படிக் கண்டுபிடிச்சே?"

இங்கேதான் கேக் மாஸ்டர் ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சொல்லத்தான் நினைத்தான். 'மூணு நாள் யோசிச்சேன் சார்' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே அவள் கை முழுக்கக் கிரீமோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான் கண்டுபிடிக்கல சார். வகுத்துப் பாத்தது மட்டும்தான் நான். யாரோ கேக் ஆர்டர் பண்ணி ஒரு சீட்டுப் போட்டிருந்தாங்க. பேர் இல்ல. வாங்கவும் வரல. அந்தச் சீட்டுல இருந்த நம்பர் இது. வால் வெட்டினா கெடாதுன்னு உங்களை மாதிரியே எனக்கும் இப்பதான் தெரியும்."

அவள் சிரிப்பு நின்றது.

மீதி சார் பென்சிலைக் கீழே வைத்தார். வருத்தமாகத்தான் வைத்தார். "நல்ல பையன் நீ. உண்மையைச் சொல்லிட்டே. ஆனா சட்டம் சட்டம்தான். எண் சொந்தமா இருக்கணும். எவனோ எழுதின சீட்டை வச்சு நானா என் பொண்டாட்டியைக் கட்டினேன்? எழுநூத்து முப்பத்தொன்பது! என் மூளை, என் உழைப்பு! என்ன சொல்றே?" என்று மனைவியைப் பார்த்தார்.

மீதி சாரின் மனைவி கடைசித் துண்டை, 7 என்று எழுதியதை, ஒரு தட்டில் வைத்து கேக் மாஸ்டரிடம் நீட்டினார். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

"இதே எட்டு இலக்கத்தை முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்டயும் நான்தான் எழுதிக் குடுத்தேன், நீங்க சீட்டையும் தொலைச்சுட்டு, அஞ்சு இலக்கத்தையும் மறந்துட்டு, வெறும் மூணோட வந்து நின்னீங்க. மாப்பிள்ளை அஞ்சோட வந்திருக்காரு, கொஞ்சம் தள்ளி உக்காந்து இடம் குடுங்க."